மூன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வு: கடலூர் மஞ்சக்குப்பம் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கணவருக்குப் புதுச்சேரிக்கு மாற்றல், மகளை லாஸ்பேட்டை பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்துத் தேர்வு வைப்பார்களாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைக்கவா, கோச்சிங்கில் சேர்க்கவா என்பது உங்கள் கேள்வி. இரண்டும் வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டுமே பாரம்.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, பள்ளிச் சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் நீங்கள் பார்த்திருக்கும் பள்ளி எந்த வகை என்று விசாரியுங்கள். மற்ற பள்ளிகள் "வடிகட்டுவதற்கு இல்லை, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்க்கத்தான்" என்பார்கள். அப்படியானால் இடம் கொடுத்த பிறகே பார்க்கலாமே என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அலுவலகத்தில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எந்த வகுப்பின் பாடத்திலிருந்து கேட்பார்கள்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் உங்கள் மகளுக்கு அது ஜூனில் தொடங்கியது. பிப்ரவரியில் தேர்வு வைத்தால் அவள் இரண்டாம் வகுப்பையே முடித்திருக்க மாட்டாள். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டாம் மொழி தமிழா, ஹிந்தியா, பிரெஞ்சா என்பதையும் கேட்டு வந்துவிடுங்கள்.

இனி தேர்வுக்கு வருவோம். இந்த வயதில் பெரும்பாலும் சொல்வதைக் கேட்டு எழுதுதல், ஒரு படத்தைப் பார்த்து நான்கைந்து வாக்கியம், கோடிட்ட இடம் நிரப்புதல் ஆகியவைதான் இருக்கும். பிள்ளைகள் தடுமாறுவது படத்தில்தான். "கடல் பெரியது. கடல் நீலமானது. கடலில் மீன்கள் உண்டு" என்று மனப்பாடம் செய்த பிள்ளை, படத்தில் சந்தையோ பேருந்து நிலையமோ வந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். திருத்துகிற ஆசிரியருக்கும் பாடம் செய்த வாக்கியம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

அதனால் எழுத்துக்கு முன் பேச்சு. ஒரு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். "ஒரு அண்ணா வலைய உதறினாரு. அதுல நண்டு மாட்டியிருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு" என்பாள். வீட்டுக்கு வந்ததும் அதையே அவள் கையால் எழுதச் சொல்லுங்கள். "உதறினாரு" என்று எழுதினால் அடிக்கோடு போட்டுத் திட்டாதீர்கள். "இதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருப்பார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். "உதறினார்", "மாட்டியிருந்தது", "பயமாக இருந்தது" என்று அவளே மாற்றுவாள். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு வரும் இந்தப் பழக்கம் தினமும் நான்கு வரி நடந்தால் போதும். பிறகு அதே மூன்று வாக்கியங்களை எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் எழுதட்டும். தானே பார்த்ததை எழுதுவதால் சொல் தேடித் தவிக்க மாட்டாள்.

ல, ள, ழ பிழைகளையும் ர, ற பிழைகளையும் பட்டியலாகக் கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். அன்று எழுதியதில் தவறிய இரண்டு சொற்களை மட்டும் எடுத்து, வாய்விட்டுச் சொல்லி, மறுபடி எழுதச் சொல்லுங்கள். மறுநாள் வேறு இரண்டு.

கையெழுத்து மெதுவாக இருக்கிறது என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக வளர்ந்திருக்காது. பக்கம் பக்கமாக எழுத வைத்தால் விரல் வலிக்கும், பென்சிலை இறுக்கிப் பிடிப்பாள், எழுத்து இன்னும் கெடும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும். நாற்காலியில் கால் தொங்கினால் கீழே ஒரு பலகை போடுங்கள். நீங்கள் பூக்கட்டும்போது பக்கத்தில் உட்கார வைத்து அவளையும் கட்டச் சொல்லுங்கள், பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள், வாசலில் சின்னப் புள்ளிக்கோலம் போட விடுங்கள். விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. இடக்கைப் பழக்கம் இருந்தால் மாற்றவே மாற்றாதீர்கள்.

ஆங்கில "b"யையும் "d"யையும் திருப்பிப் போடுகிறாள் என்கிறீர்கள். ஏழு வயது வரை அது சகஜம். எட்டு வயது தாண்டியும் தொடர்ந்து, படிப்பதற்கும் திணறினால், முதலில் கண் பரிசோதனை, பிறகு புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவர். கற்றல் குறைபாடு என்று தெரியவந்தாலும் பயப்பட வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு.

தேர்வுக்கு முந்தைய நாள் புதிதாக எதையும் சொல்லித் தராதீர்கள். உறவினர்களிடம் "நாளைக்கு டெஸ்ட்" என்று அவள் காதுபடப் பேசவும் வேண்டாம். இடம் கிடைக்கவில்லை என்றால் பள்ளியில் இடம் இல்லை என்று சொல்லுங்கள், அவள் தோற்றாள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில்தான் நடக்கின்றன. நீங்கள் குடியேறும் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பதை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

எந்தப் பள்ளியானாலும், சேர்க்கை உறுதியாகி ரசீது கைக்கு வரும்வரை இப்போதைய பள்ளியில் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கேட்காதீர்கள்.