கண்ணைத் திறந்தபடி ஜானம் கைகூடுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், வயது 43. வீட்டு வேலை முடிந்து, எல்லாரும் படுத்தபிறகு இரவு பத்து மணிக்குத்தான் தியானத்துக்கு உட்கார முடிகிறது. கண்ணை மூடினால் பத்தே நிமிடத்தில் தலை தொங்கிவிடுகிறது. அதனால் கண்ணைத் திறந்து எதிர்ச்சுவரையே பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் மாட்டியிருந்த காலண்டர் மறைந்தே போனது. பௌத்தர்கள் சொல்லும் ஜானம், அதாவது மனம் ஒன்றி ஆழ்ந்துபோகும் தியான நிலை, இதுதானா? கண் திறந்தபடி அந்த நிலைக்குப் போக முடியுமா?

பதில்: முதலில் காலண்டர் விஷயம், சகோதரி. அது ஜானம் இல்லை. பார்வையை ஒரே புள்ளியில் அசையாமல் நிறுத்தினால் ஓரத்தில் இருப்பவை மங்கி மறையும். சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே இதை விவரித்திருக்கிறார். பார்வை கொஞ்சம் நகர்ந்தாலே காலண்டர் திரும்பி வந்துவிடும். நானும் ஆரம்பத்தில் இதைப் பெரிய அனுபவம் என்று நம்பி, சில மாதங்கள் சுவரை வெறித்திருக்கிறேன். காலண்டர் மறைந்தபோது உங்கள் மனம் தெளிந்திருந்ததா, மந்தமாக இருந்ததா? அதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் ஜானத்தில் மனம் ஒரே பொருளில் தரித்து நிற்கும், பிரீதியும் (மனப் பூரிப்பு) சுகமும் இருக்கும். சோம்பல், பதற்றம் முதலான ஐந்து தடைகளும் விலகியிருக்கும்.

சரி, கண் திறந்திருக்கலாமா? மூச்சுத் தியானத்தைச் சொல்லும் சுத்தத்தில் (புத்தரின் உரையில்) காலை மடக்கி, உடம்பை நிமிர்த்தி, நினைவை முன்நிறுத்தி உட்காரச் சொல்லியிருக்கிறதே தவிர, கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜப்பானின் சோட்டோ ஜென் மரபில் கண்ணை மூடுவதில்லை. ஆனால் அவர்கள் ஜானத்தைக் குறிவைத்து உட்காருவதும் இல்லை.

உங்களுக்குப் பொருத்தம் கசிண முறை, அதாவது ஒரு நிற வட்டம் போன்ற பொருளைப் பார்த்து மனதை ஒருமுகப்படுத்துவது. காஞ்சிபுரத்தில் சிலகாலம் தங்கியிருந்த பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், 5-ம் நூற்றாண்டில் எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூலில் இதை விரிவாகச் சொல்கிறார். விடியல் நிறமுள்ள களிமண்ணில், ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டம் செய்து, இரண்டரை முழம் தள்ளி உட்கார வேண்டும். நம் ஊர்ச் செம்மண் ரொம்பச் சிவப்பாக இருந்தால் வேண்டாம். சிவப்பு தனிக் கசிணம். பாட்டரி டவுன் குயவர்களிடம் வெளிர் நிறக் களிமண் கேட்டுப் பாருங்கள். கண்ணை அகல விரித்தால் கண் களைத்துப்போகும், வட்டமும் கூடுதலாகத் துருத்தித் தெரியும். ரொம்பச் சுருக்கினால் வட்டம் தெளியாது, மனமும் சோர்ந்துவிடும். கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல இயல்பாகப் பாருங்கள். கண் எரிந்தால் சிமிட்டலாம், தப்பில்லை.

பார்த்து, மூடி, மறுபடி பார்த்து, இப்படி நூறு முறை, ஆயிரம் முறை. கண்ணை மூடினாலும் திறந்தாற்போலவே வட்டம் தெரிந்தால் நிமித்தம், அதாவது மனதில் பதிந்த உருவம், எழுந்துவிட்டது. அப்புறம் மண் வட்டத்தின் முன் உட்காரவே கூடாது என்கிறார் புத்தகோசர். தம் இடத்துக்குப் போய் மனதில் நிற்கும் வட்டத்தையே வளர்க்க வேண்டும். நாம் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. தொடங்கிவைப்பது கண், ஜானத்துக்குள் போவது மனம். புத்தகோசரும் சேர்ந்த தேரவாத பௌத்த மரபின்படி ஜானத்தில் இருப்பவர் உருவத்தைப் பார்ப்பதும் இல்லை, சத்தத்தைக் கேட்பதும் இல்லை. அதனால் இமை திறந்தே கிடந்தாலும் பார்வை நின்றிருக்கும். இமை தானாகத் தாழ்ந்தால் தாழட்டும், தூக்கிப்பிடிக்க வேண்டாம். இதைவிட மெலிதான நிலையையும் ஜானம் என்று கற்பிக்கும் ஆசிரியர்கள் இன்று இருக்கிறார்கள். அதில் காட்சியும் சத்தமும் லேசாக இருக்கும். யாரிடம் கற்றாலும் எந்த ஜானத்தைச் சொல்கிறார் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தூக்கத்துக்கு வருவோம். உட்கார்ந்தபடி தூங்கி விழுந்த தம் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் எட்டு வழி சொன்னார். அவற்றில் சில இவை. காதை இழுத்து, கை காலைத் தேய்த்துவிடு, எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவி நட்சத்திரங்களைப் பார், பகல் வெளிச்சத்தை மனதில் கொண்டு வா, நட. எதுவும் பலிக்காவிட்டால், எழும் நேரத்தை மனதில் வைத்து வலப்பக்கமாகப் படுத்துக்கொள் என்பது கடைசி வழி. உங்களுக்கு அந்தக் கடைசி வழியைத்தான் முதலில் சொல்வேன். இரவு பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கு வட்டத்தின் முன் இருபது நிமிடம் உட்காருங்கள். சத்தம் முதல் ஜானத்துக்கு முள் என்று புத்தரே சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அல்சூரிலும் வண்டிச் சத்தம் குறைவாக இருக்கும்.