கேம் உருவாக்க விரும்பும் மகள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பள்ளி இறுதியாண்டில் படிக்கும் உங்கள் மகள் நாள்தோறும் மூன்று, நான்கு மணி நேரம் வீடியோ கேம் விளையாடுவதாகவும், கண்டித்தால் "நான் கேம் டெவலப்பர் ஆகப் போகிறேன்" என்று பதில் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான விருப்பமா, விளையாடுவதற்கான சாக்கா என்பது உங்கள் கேள்வி. இந்த ஆலோசனைப் பணிக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாகக் கேம்களை உருவாக்கி வெளியிட்டவன் நான் என்பதால், எனக்குத் தெரிந்ததை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன்.

முதலில் விளையாடும் நேரத்தைப் பற்றிய உங்கள் அச்சம். உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேம் விளையாடுவது தொடர்பான கோளாறு ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் அந்த வரையறை மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற ஈடுபாடுகளையும் அன்றாட வேலைகளையும் விட அதற்கே முதலிடம் கொடுப்பது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது ஆகியவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, குடும்ப வாழ்க்கையையும் படிப்பையும் கடுமையாகப் பாதித்திருந்தால்தான் மருத்துவர்கள் அதைக் கோளாறாகக் கருதுவார்கள். உங்கள் மகளிடம் அப்படிப்பட்ட அறிகுறி தென்பட்டால் என்னிடம் வருவதற்கு முன் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். மதிப்பெண் குறையவில்லை, தோழிகளோடு பழகுகிறாள், நேரத்துக்குத் தூங்குகிறாள் என்று நீங்களே எழுதியிருப்பதால், அந்தக் கவலையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம் என்றே எண்ணுகிறேன்.

இனி அவள் எப்படி விளையாடுகிறாள் என்பதைக் கவனியுங்கள். கேம் உருவாக்கும் மனம் உள்ளவர்கள் விளையாடும்போது அடிக்கடி நின்றுவிடுவார்கள். தோற்ற இடத்துக்குத் திரும்பிப் போய், ஏன் தோற்றோம் என்று பார்ப்பார்கள். 1985-இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவுரை வாசகம் ஒன்றுகூட அதில் கிடையாது. மரியோ திரையின் இடப்பக்கம் நிற்க, வலப்பக்கம் வெறுமையாக இருப்பதால், போக வேண்டிய திசை எதுவென்று கை தானே கண்டுகொள்கிறது. சிறிது தூரத்தில் ஓர் எதிரி நடந்து வருகிறது; குதிக்கத் தவறினால் தோல்வி, ஆனால் ஆட்டம் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருப்பதால் இழப்பு பெரிதில்லை. கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் உருண்டு போய்க் குழாயில் மோதி, ஆடுபவரை நோக்கித் திரும்பி வருகிறது. அதைத் தொடாமல் தப்புவதே கடினம். தொட்டவுடன் மரியோ வளர்வதைக் கண்டு, காளான் நல்லது என்று தெரிந்துகொள்கிறோம். ஓர் ஆசிரியர் பேசாமல் பாடம் நடத்தினால் எப்படி இருக்குமோ, அப்படிச் செய்யப்பட்டது அந்தக் கட்டம். உங்கள் மகள் இத்தகைய விஷயங்களைத் தானாகப் பேசுகிறாளா? "அந்த இடத்தில் தோற்றது உன் தவறா, கேமின் தவறா?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். அவள் பதில் நீண்டுகொண்டே போனால் அதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளலாம்.

என்றாலும் விளையாடத் தெரிவதற்கும் உருவாக்கத் தெரிவதற்கும் உள்ள தூரம் பெரிது. ஆடுபவருக்கு ஒரு நொடியில் கடந்துபோகும் ஒன்றுக்காக உருவாக்குபவர் ஒரு வாரம் உட்கார வேண்டியிருக்கும். குதித்துச் செல்லும் கேம்களில், பாத்திரம் மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்கு வந்த பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி வரை குதிக்க அனுமதிப்பது வழக்கம். அந்தச் சலுகை இருப்பதை ஆடுபவர் உணர்வதேயில்லை. நீக்கிவிட்டால் மட்டும், "நான் பொத்தானை அழுத்தினேன், இந்த கேம்தான் கேட்கவில்லை" என்று கோபப்படுவார். கண்ணுக்குத் தெரியாத இந்த அக்கறைதான் இத்தொழிலின் பெரும்பகுதி. இதில் சலிப்பு தோன்றாதவர்களே நிலைக்கிறார்கள், நானும் இதற்காகவே அத்தனை ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தேன்.

வருமானத்தைப் பற்றி உங்கள் கணவர் கேட்டிருப்பதும் நியாயமே. தனியாக உருவாக்கிப் பெரும் வெற்றி கண்டவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வாழ்க்கை கேமை எரிக் பரோன் என்பவர் கோடிங், ஓவியம், இசை, கதை என அனைத்தையும் தாமே செய்து, நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-இல் வெளியிட்டார். அவர் கணினி அறிவியலில் பட்டம் பெற்றவர் என்பதையும், அந்த ஆண்டுகளில் ஒரு கலையரங்கில் பகுதிநேர வேலை பார்த்தார் என்பதையும் உங்கள் மகள் அறிய வேண்டும். இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில் எவரும் 100 டாலர் கட்டணம் செலுத்தி ஒரு கேமை விற்பனைக்கு வைக்கலாம். வழக்கமாக விற்பனையில் 30 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்ளும். கதவு இவ்வளவு திறந்திருப்பதால் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் அங்கே வெளிவருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை யார் கண்ணிலும் படாமலே போகின்றன. நான் இரண்டரை ஆண்டுகள் செலவிட்ட முதல் கேம் சில நூறு பிரதிகளே விற்றது. பெரிய நிறுவனங்களில் வேலை கிடைத்தாலும் அது நிலையானது என்று சொல்வதற்கில்லை. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகெங்கும் கேம் நிறுவனங்களில் பல ஆயிரம் பேர் வேலையிழந்தனர்.

ஆகவே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, கேம் துறையில் வேலை கிடைக்காவிட்டாலும் சோறு போடக்கூடிய ஒன்றையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். கோடிங்கில் ஆர்வமிருந்தால் கணினி அறிவியல், வரைவதில் ஆர்வமிருந்தால் ஓவியம் அல்லது அனிமேஷன். வெக்டர், முக்கோணவியல் ஆகியவற்றை இப்போதே மனமொன்றிப் படிக்கட்டும், ஏனெனில் எதிரி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், பந்து எந்தக் கோணத்தில் தெறிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணக்குகள்தாம். கேம் டிசைன் என்ற பெயரிலேயே பட்டம் தரும் கல்லூரிகளில் சேர்க்க நினைத்தால், விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, அங்கே படித்து முடித்த மாணவர்கள் செய்த கேம்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். எந்த ஒரு மென்பொருளையும் நம்பி எதிர்காலத்தை அமைக்க வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்: கேம் இன்ஜின் எனப்படும், கேம்களை உருவாக்க உதவும் மென்பொருளை வழங்கும் யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் கேம் நிறுவப்படும் எண்ணிக்கையின் அடிப்படையில் புதிய கட்டணத்தை அறிவித்தபோது அதையே நம்பியிருந்த சிறு டெவலப்பர்கள் கலங்கிப்போனார்கள், ஓராண்டு கழித்து அது கைவிடப்பட்டது. அடிப்படை தெரிந்தவர்களால் வேறொரு இன்ஜினுக்கு மாற முடியும்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கோடோ என்ற கேம் இன்ஜின் முற்றிலும் இலவசமானது, சாதாரணக் கணினியிலும் ஓடும். அதைக் கொண்டு, தேர்வு முடிந்த விடுமுறையில், இரண்டே வாரங்களில் ஒரு சிறிய கேமை அவள் தொடங்கி முடிக்கட்டும். தொடக்கத் திரை, ஆட்டம், தோல்வி, மறுபடி ஆடும் பொத்தான் ஆகிய நான்கும் இருந்தால் போதும். அவள் நூறு மணி நேரக் கதையோடு ஒரு மாபெரும் உலகைப் படைக்க ஆசைப்படுவாள், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். சிறியதை முடிக்காதவர்களின் பெரியவை கணினியிலேயே உறங்கிவிடுகின்றன. 2018-இல் வெளிவந்து விருதுகள் பெற்ற செலஸ்ட் என்ற கேம்கூட, அதற்கு முன் ஒரு கேம் ஜாமில் (குறுகிய காலத்துக்குள் ஒரு கேமை உருவாக்கி முடிக்கும் நிகழ்வில்) இரண்டு பேர் நான்கு நாட்களில் செய்து முடித்த சிறிய கேமிலிருந்து வளர்ந்ததே.

அந்த இரண்டு வாரங்களில் அவள் பாதியில் விட்டுவிட்டால் திட்டாதீர்கள். இத்தொழிலைப் பற்றி அவளே ஓர் உண்மையைக் கண்டுகொண்டாள், விளையாட்டு அவளுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்துவிட்டுப் போகட்டும். முடித்துவிட்டால், அதை முதலில் ஆடிப் பார்க்கப் போகிறவர் நீங்களாக இருங்கள். உங்களுக்குக் கேம் ஆடிப் பழக்கமில்லை என்பது இங்கே ஒரு குறையே இல்லை. நீங்கள் ஆடும்போது அவள் உங்கள் பின்னால் உட்கார்ந்து, வாய் திறக்காமல், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்காமல், நீங்கள் தடுமாறும் இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அன்று இரவே அவள் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தாளா என்பதை எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அதன் பிறகு சேர்ந்து முடிவு செய்வோம்.