லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கணவர் வீட்டார் கிறிஸ்தவர்கள். என் மாமியார் போன வருஷம் தவறிவிட்டார். அவர் தினமும் ராத்திரி வாசித்த பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. அத்தை இருந்தபோது அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரே வருஷத்தில் முடிக்க ஓர் அட்டவணை கிடைத்தது, நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம். பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் வாசிக்கிறேன். மூன்று தடவை ஆரம்பித்து, மூன்று தடவையும் மூன்றாவது நூலான லேவியராகமத்தில் நின்றுவிட்டேன். பலி, கொழுப்பு, குஷ்டரோகம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. எப்படி வாசிப்பது? கிறிஸ்தவளாக இல்லாத நான் வாசிக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தாராளமாக வாசிக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அத்தை ராத்திரிதோறும் எதோடு உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறீர்களே, பைபிளைத் திறக்க அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த அட்டவணை. அதை மடித்து வைத்துவிடுங்கள். உங்கள் அத்தையின் பைபிளில் 66 நூல்கள், மொத்தம் 1189 அதிகாரம். கத்தோலிக்கர் பைபிளில் 73 நூல்கள். 1189ஐ 365ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றே கால் அதிகாரம் வரும். கணக்கு சரிதான். ஆனால் அதிகாரம் என்ற பிரிவே நூலாசிரியர்கள் போட்டதில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் போட்டது. பைபிளின் பின்பகுதியான புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்களை 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் சேர்த்தார். இடத்தைத் தேடி எடுக்க இரண்டும் உதவும். வாசிப்புக்கு அளவுகோலாக வைத்தால் கதையைப் பாதியில் வெட்டிவிடும்.

நானும் முதல் தடவை அட்டவணை வைத்துத்தான் வாசித்தேன். டிசம்பர் கடைசியில் முடித்தபோது எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது. யோனா என்ற தீர்க்கதரிசியின் கதை எப்படி முடிகிறது என்று ஒருவர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. அவனை விழுங்கிய மீன் மட்டும்தான் நினைவில் இருந்தது. அப்புறம் ஒருநாள் யோனாவின் நான்கு அதிகாரத்தையும் ஒரே அமர்வில், வாய்விட்டு வாசித்தேன். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்த நூல் ஒரு கேள்வியோடு நிற்கிறது. வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கிற நகரம், ஏராளமான ஆடுமாடுகளும் இருக்கின்றன, அதற்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று கடவுள் யோனாவிடம் கேட்கிறார். யோனா என்ன சொன்னான் என்று எழுதவில்லை. நகரம் அழியவில்லையே என்ற கோபத்தோடு அவன் நகரைவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிற காட்சியை அப்போதுதான் வாசித்திருப்பதால், அந்தக் கேள்வி நேராக நம்மிடம் வந்துவிடுகிறது. மூன்று அதிகாரம் இன்று, ஒன்று நாளை என்று வாசித்தால் அது வராது.

அதனால் நான் சொல்வது இதுதான்: அதிகாரத்தை எண்ணாதீர்கள், நூலை எண்ணுங்கள். சின்ன நூலை ஒரே அமர்விலும் பெரிய நூலை நாலைந்து அமர்விலும் முடியுங்கள். முடிந்தவரை சத்தமாக வாசியுங்கள். அத்தையின் பைபிள் பெரும்பாலும் ஹென்றி பவர் என்பவர் தலைமையில் செய்த மொழிபெயர்ப்பாக இருக்கும். 1871இல் வந்தது. 'உபத்திரவம்', 'நீடிய பொறுமை' என்று அதில் வரும் சொற்கள் கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரியும். வாயால் சொல்லிப் பாருங்கள், நடை பிடிபட்டுவிடும். அந்தத் தமிழ் சபையில் உரக்க வாசிக்கப்பட்டு, காதால் கேட்டுப் பழகிய தமிழ். புரியாத இடத்துக்கு 1995இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. நல்ல தெளிவான இன்றைய தமிழ்.

சரி, லேவியராகமத்துக்கு வருவோம். ஆதியாகமம், லேவியராகமம் என்று பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆகமம்' என்ற சொல்லைப் பிடித்தார்கள் அல்லவா? கோயிலில் பூசை எந்த முறையில் நடக்க வேண்டும், யார் எதுவரை வரலாம் என்று சொல்லும் ஆகமம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. லேவியராகமத்தின் பெரும்பகுதி அந்த மாதிரிதான். ஆசாரியர்களுக்கான கைநூல். அதைக் கதையாக நினைத்துத் துரத்தினால் மூச்சு வாங்கத்தான் செய்யும். ஆனால் 19ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அறுவடை செய்யும்போது வயலின் ஓரம் வரைக்கும் வழித்து அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது. 'பரதேசி' இன்று நம் வாயில் வசவாகிவிட்டது. அங்கே அது வேற்று ஊரிலிருந்து பிழைக்க வந்தவர் என்ற நேரான பொருளில் நிற்கிறது.

இந்தச் சட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ரூத்தை எடுங்கள். நான்கே அதிகாரம், 85 வசனம். உங்களுக்கென்றே இருக்கிற நூல் என்பேன். பெத்லெகேமில் பஞ்சம். நகோமி என்ற பெண் கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாப் என்ற பக்கத்து நாட்டுக்குப் பிழைக்கப் போகிறாள். அங்கே மூன்று ஆண்களும் செத்துப்போகிறார்கள். ஊர் திரும்பும் மாமியாரோடு, பிறந்த வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாமல், வேற்று இன மருமகள் ரூத் கூடவே வருகிறாள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று அவள் சொல்வதைக் கல்யாணங்களில் கேட்டிருப்பீர்கள். அவள் அதைச் சொன்னது மாமியாரிடம். ஊர்ப் பெண்கள் "இவள் நகோமியோ" என்று கேட்கும்போது நகோமி, நிறைவாகப் போனேன், வெறுமையாகத் திரும்பி வந்தேன் என்கிறாள். என் பாட்டி நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர். கெடா பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அந்த மண்ணிலேயே அடங்கிப்போனார். நிறைவாகவோ வெறுமையாகவோ, திரும்பிப் போக அவருக்கு வாய்க்கவில்லை. நகோமி பேசும் அந்த இடத்தை நான் இன்றுவரை குரல் தடுக்காமல் வாசித்ததில்லை.

அப்புறம் ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். எந்த உரிமையில்? உங்களை மூன்று தடவை நிறுத்திய அதே லேவியராகமம் கொடுத்த உரிமையில். வயல்காரன் போவாஸ் சட்டத்துக்கு மேலும் ஒரு படி போகிறான். அரிகளிலிருந்து கொஞ்சம் வேண்டுமென்றே உருவிப் போடுங்கள், அவள் எடுத்துக்கொள்ளட்டும், அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்கிறான். கொடுப்பது தெரியாமல் கொடுக்கிறான். வறண்ட சட்டமாக இருந்தது இங்கே ஒருத்தி முந்தானையில் வாற்கோதுமையாக விழுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இன்னொரு சட்டநூலான உபாகமத்தின் 23ஆம் அதிகாரம், மோவாபியர் பத்தாம் தலைமுறையானாலும் சபைக்குள் வரக்கூடாது என்கிறது. ரூத் மோவாபியப் பெண். நூலின் கடைசி வரிகளில் அவள் மகன் ஓபேத், அவன் மகன் ஈசாய், அவன் மகன் தாவீது. இஸ்ரவேலின் பேரரசனுக்கு மோவாபியக் கொள்ளுப்பாட்டி! புதிய ஏற்பாட்டின் முதல் பக்கத்தில், இயேசுவின் வம்ச வரிசையில், மத்தேயு அவள் பெயரை மறக்காமல் எழுதுகிறார். ஒரு நூல் மூடிய கதவை இன்னொரு நூல் சத்தமில்லாமல் திறந்து வைக்கிறது. பைபிள் முழுக்க இப்படி ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டும் மறுத்துக்கொண்டும் இருக்கிறது. முழுவதையும் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்வதே இதற்காகத்தான். (தரங்கம்பாடியில் பைபிளைத் தமிழாக்கிய சீகன்பால்க் 1719இல் இறந்தபோது, பழைய ஏற்பாட்டில் அவர் முடித்திருந்தது ரூத் வரைக்கும்தான். அங்கே நின்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு என்னவோ செய்யும்.)

வரிசை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். ரூத்துக்குப் பிறகு, இயேசுவின் கதையைச் சொல்லும் மாற்கு. 16 அதிகாரம், ஒரு லீவு நாள் மத்தியானம் போதும். சிலுவையில் இயேசு "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறும் இடத்தில் நிறுத்தி, பழைய ஏற்பாட்டுப் பாடல்களான சங்கீதங்களில் 22ஆவதைத் திறங்கள். அதன் முதல் வரிதான் அது. பிறகு ஆதியாகமம், யாத்திராகமம், சாமுவேல் இரண்டும். லூக்காவையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் சேர்த்தே வாசியுங்கள், ஒரே ஆசிரியரின் இரண்டு பாகம் அவை. தீர்க்கதரிசிகள் கால வரிசையில் அடுக்கப்படவில்லை. ஆமோஸ் எரேமியாவுக்கு நூறாண்டுக்கு மேல் முந்தியவர், புத்தகத்திலோ பின்னால் வருகிறார். அதனால் இராஜாக்கள் நூல்களை முடித்துவிட்டு அவர்களிடம் போனால் யார் எந்தக் காலத்தில் பேசுகிறார்கள் என்று புரியும். எருசலேம் விழுந்ததை வாசித்த அன்றே புலம்பல் நூலையும் வாசியுங்கள். நாளாகமம் பிறகு போதும். வெளிப்படுத்தின விசேஷம் கடைசியில். அதிலுள்ள உருவங்கள் பெரும்பாலும் பழைய ஏற்பாட்டிலிருந்து வருபவை, அதை முதலில் எடுத்தால் பயம்தான் மிஞ்சும்.

யோசுவாவிலும் நியாயாதிபதிகளிலும் ரத்தம் அதிகம். நியாயாதிபதிகள் 19ஐ வாசித்துவிட்டுத் தூக்கம் வராமல் இருந்திருக்கிறேன். தாண்டிப் போகாதீர்கள். விளக்கம் தேடி உடனே ஓடவும் வேண்டாம். அங்கே ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. எனக்கு இரண்டாம் தடவை மூன்று வருஷம் எடுத்தது.

பஸ்ஸில் சங்கீதம் வாசியுங்கள், பாலம் தாண்டுவதற்குள் ஒன்றிரண்டு முடியும். ரூத்தை வீட்டில், அத்தை உட்கார்ந்த இடத்தில் வாசியுங்கள். அவர் போட்ட பென்சில் கோடுகள் அப்படியே இருக்கட்டும். உங்கள் கோட்டை நீல மையில் போடுங்கள். ரூத்தில் அவர் எங்கே கோடு போட்டிருக்கிறார் என்று எனக்கு எழுத முடியுமா?