அப்பா பெயரில் டெல்டாவில் மூன்று ஏக்கர் நிலம், குத்தகையில் இருக்கிறது. அரசு உதவி என்னென்ன கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியில் இருக்கும் விவரம் இவ்வளவுதான்: மன்னார்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா ஊரில், நீங்கள் சென்னையில் ஐ.டி. வேலையில். ஊர்க்காரர் ஒருவர் வாய்ப்பேச்சுக் குத்தகையில் சாகுபடி செய்கிறார். "ஏகப்பட்ட மானியம் வருதாமே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் நீடாமங்கலம் பக்கம். சொந்தமாக நான்கு ஏக்கர், அதோடு இரண்டு ஏக்கர் கோயில் நிலம் குத்தகைக்கு. நிலக்காரன் வரிசை, குத்தகைக்காரன் வரிசை இரண்டிலும் நின்று பழக்கம். அதனால் திட்டங்களின் பட்டியலை இப்போதைக்கு ஓரமாக வைக்கச் சொல்வேன். பட்டாவில் இருப்பவர் இறந்துவிட்டார், வயலில் இறங்குபவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்த நிலையில் எந்தத் திட்டத்துக்குப் போனாலும் முதல் மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் பட்டா. இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், அது வட்டாட்சியரிடம் போகும். கையில் வந்ததும் பட்டா மாறுதலுக்குக் கொடுங்கள். பாகம் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் பெயரில் கூட்டுப் பட்டாவாக ஏற்றலாம். தள்ளிப் போடாதீர்கள். எங்கள் தாத்தா பெயரில் இருந்த பட்டாவை அப்பா கடைசிவரை மாற்றவே இல்லை, "யாரு கேக்கப் போறா" என்பார். நான் மாற்றப் போனபோது அத்தைகள் மூன்று பேர், அதில் ஒருவர் இறந்து அவர் பிள்ளைகள் நான்கு பேர், அவர்களில் ஒருவர் மலேசியாவில். பதினான்கு மாதம் ஆனது. 2025 பிப்ரவரியிலிருந்து விவசாயிகளுக்கு ஆதாரையும் நிலத்தையும் இணைத்துத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். அதுவும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான்.

அடுத்து எல்லோரும் கேட்கிற பி.எம். கிசான், மத்திய அரசு விவசாயிக்குத் தரும் உதவித்தொகை. வருடத்துக்கு 6,000, மூன்று தவணையாக 2,000. வருமான வரி கட்டுபவருக்குக் கிடையாது, ஆகவே நீங்கள் கேட்கவே வேண்டாம். உங்கள் அம்மா பெயர் பட்டாவில் ஏறினால் அவருக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்று பார்ப்பார்கள், ஆனால் இறப்பினால் வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அதில் விலக்கு இருக்கிறது. இன்னொன்று: அப்பாவின் வங்கிக் கணக்கில் இன்னும் தவணை விழுந்துகொண்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் இறப்புச் சான்றைக் கொடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியது அம்மாதான்.

பணம் வரவில்லை என்று யாராவது புலம்பினால் நான் முதலில் கேட்பது, "ஆதார் எந்த பேங்க்ல கடைசியா இணைச்சீங்க?" என்றுதான். எங்கள் பெரிய அத்தைக்கு ஒன்றரை வருடமாகப் பணம் 'வரவில்லை'. கடைசியில் பார்த்தால், கேஸ் மானியத்துக்காக எப்போதோ திறந்து மறந்துபோன கணக்கில் மொத்தமும் கிடந்தது. விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண் எழுதினாலும், ஆதார் கடைசியாக எதில் இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும்.

சரி, இப்போது குத்தகைக்காரர். பி.எம். கிசான் நிலக்காரருக்கு மட்டும். ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் அவர் பெயரில் நெல் போடலாம். இரண்டுக்கும் வேண்டியது அடங்கல். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், இந்தப் பசலியில், அதாவது இந்த விவசாய ஆண்டில், எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பது அடங்கலில்தான் இருக்கும். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) கொடுக்க வேண்டியது அது.

வெளியூரில் இருக்கும் நிலக்காரர்கள் இங்கேதான் பயப்படுகிறார்கள். "அடங்கல்ல அவர் பேர் ஏறிட்டா நிலம் போயிடும்." இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பண்ணையாட்களுக்காகவும் குத்தகைக்காரர்களுக்காகவும் தஞ்சாவூருக்கென்றே 1952ல் தனிச் சட்டம் வந்த ஊர் இது. 1955ல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். ஆனால் அந்தக் குத்தகைப் பதிவு வேறு, அடங்கல் வேறு. பதிவுக்குத் தனி மனு, உங்களுக்கு நோட்டீஸ், விசாரணை எல்லாம் உண்டு. அடங்கல் என்பது ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் ஒரு பசலியின் சாகுபடிக் கணக்கு. கேஸ் என்று வந்தால் அதையும் ஒரு சாட்சியமாகக் காட்டுவார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பயமாக இருந்தால் வக்கீலிடம் போய் முறையாகக் குத்தகை ஒப்பந்தம் எழுதுங்கள். அதை விட்டுவிட்டு அடங்கலை மறைத்து வைத்தால், மழையில் பயிர் போனால் நஷ்டம் அவருக்கு, மானியம் உங்கள் வீட்டுக்கு என்று ஆகிவிடும். அடங்கல் இல்லாமல் அவர் நெல்லை வியாபாரியிடம் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வருவார். 2025-26 பருவத்துக்குக் கொள்முதல் நிலைய விலை குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545, பொது ரகம் 2,500. அதை அவருக்குக் கிடைக்கவிடாமல் செய்துவிட்டு அவரிடமே முழுக் குத்தகை நெல் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நான் சூடுபட்டது அதில்தான். சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், ஏக்கருக்கு 550 ரூபாயைச் சுற்றி வரும். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. உங்கள் வயலைப் பார்த்து இழப்பீடு தருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு வருவாய் கிராமத்துக்கு. கிராமத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து அடித்து எடை போடுவார்கள். அந்தச் சராசரி, முந்தைய ஏழு வருடத்தில் நல்ல ஐந்து வருட விளைச்சலை வைத்துப் போட்ட அளவுக்குக் கீழே போனால்தான் பணம். உங்கள் வயல் முழுக்கச் சாய்ந்து, ஊர் தப்பித்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது.

எங்கள் ஊர் வடபாதி, தென்பாதி என்று இரண்டு வருவாய் கிராமம். நடுவில் ஒரு வாய்க்கால்தான். 2022 சம்பாவுக்குப் பிரீமியம் கட்டினேன். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் பெய்த மழை நினைவிருக்கும், கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற நேரம். மூன்றாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது, தண்ணீரில் கிடந்த கதிரில் வெள்ளையாக முளை. பிறகு காப்பீட்டுப் பணம் வந்தபோது பக்கத்து வயல்காரருக்கு வந்தது, எனக்கு இல்லை. ரசீதை எடுத்துப் பார்த்தேன். புல எண் சரி, பரப்பு சரி, பெயர் சரி. கிராமம் மட்டும் தென்பாதி. கம்ப்யூட்டரில் பதிந்த பையன் பட்டியலில் ஒரு வரி தள்ளி அழுத்தியிருக்கிறான். நானும் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அந்த மழைக்கு மாநில அரசு ஹெக்டேருக்கு 20,000 நிவாரணம் அறிவித்தது. அது கிடைத்தது, ஏனென்றால் நிவாரணக் கணக்கெடுப்பு வயல்வாரியாக, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமா என்று பார்த்து எடுப்பது. காப்பீடும் நிவாரணமும் ஒன்றல்ல, இரண்டும் கிடைக்கலாம். கணக்கெடுக்க வரும் அன்று வயலில் ஆள் இருக்க வேண்டும், சென்னையிலிருந்து போனில் சொல்லி வேலைக்காகாது. ஒரே நிலத்துக்கு உங்கள் அம்மாவும் குத்தகைக்காரரும் தனித்தனியாகக் காப்பீடு கட்டிவிடாமல் யார் கட்டுவது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அவரே கட்டட்டும்.

அடுத்து குறுவைத் தொகுப்பு, அதாவது டெல்டாவில் குறுவை நெல் சாகுபடிக்கு அரசு அறிவிக்கும் மானியத் திட்டம். வருடா வருடம் மே, ஜூன் வாக்கில் அறிவிப்பார்கள், எதற்கு மானியம் என்பது மாறும். சில வருடம் யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் இலவசமாக வந்தது. 2024ல் 78.67 கோடி ஒதுக்கி, இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 என்றார்கள். ஆனால் அந்த வருடம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ல் திறக்கவில்லை, ஜூலை 28ல்தான் திறந்தார்கள். குறுவைக்கு அது காலம் கடந்த தண்ணீர். பம்புசெட் உள்ளவர்கள் நட்டார்கள், ஆற்றுப் பாசனக்காரர்கள் அறிவிப்பைப் பேப்பரில் படித்தார்கள். உங்கள் நிலத்தில் போர்வெல் இருக்கிறதா என்று சொல்லவில்லை. இல்லையென்றால் இதைப் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பசுந்தாள் உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை, விதைநெல் மானியம் எல்லாம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில். இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். உழவன் செயலியில் பதிந்து வைத்துவிட்டு உதவி வேளாண்மை அலுவலர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. ஊரில் இருந்து சாகுபடி செய்பவருக்கு அது உதவும், உங்களுக்குத் தேவைப்படாது. ஊராட்சி நேரடியாகப் பணம் எதுவும் தருவதில்லை. ஆனால் வயலுக்கு வரும் கடைசி வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள். பெரிய வாய்க்கால்களை நீர்வளத் துறை பார்த்துக்கொள்ளும். வயலுக்குப் பிரியும் சின்னக் கிளைகளான சி, டி வாய்க்கால்கள்தான் யார் வேலை என்று தெரியாமல் கோரையோடு கிடக்கும்.

பொங்கலுக்கு வருகிறீர்களா? அப்படியானால் இரண்டு நாள் சேர்த்து லீவு போடுங்கள், பொங்கல் வாரத்தில் எந்த ஆபீசிலும் ஆள் இருக்காது. அப்பாவின் இறப்புச் சான்று, பழைய பட்டா, பத்திர நகல், எல்லோர் ஆதாரும் எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ. ஆபீசுக்குக் குத்தகைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் புல எண் எந்த வயல் என்று கேட்டால் அவருக்குத்தான் தெரியும். எந்த ரசீது கையில் வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று கிராமத்தின் பெயரைப் படியுங்கள். டீ பிறகு குடித்துக்கொள்ளலாம்.