ஐங்கோணம் ஏன் அடங்குவதில்லை?

கேள்வி: தரைக்குப் போடும் அறுகோணக் கல் இடைவெளியே இல்லாமல் பொருந்துகிறது. சம பக்க, சம கோண ஐங்கோணத்தை அட்டையில் வெட்டி அடுக்கினால் ஏன் பொருந்தவில்லை? டச்சு ஓவியர் எஷர் வரைந்ததுபோல மீன்களை இடைவெளியின்றி அடுக்குவது எப்படி?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மூலைகள் கூடும் புள்ளியைப் பாருங்கள். அங்கே கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகை வர வேண்டும். அறுகோணத்துக்கு 120, மூன்று வைத்தால் கச்சிதம். ஐங்கோணத்துக்கு 108, மூன்றுக்கு 324தான். மிச்சம் 36 பாகைச் சந்தில் நாலாவது நுழையாது. (சதுரத்தின்மேல் கூரை வைத்த வீட்டு வடிவ ஐங்கோணமோ சமர்த்தாகப் பொருந்தும்!)

மீனுக்கு 5 செ.மீ. சதுர அட்டை போதும். இடப்பக்கம் மூலைக்கு மூலை வளைவாக வெட்டுங்கள். அந்தத் துண்டை அப்படியே நகர்த்தி, அதன் நேர் விளிம்பை வலப்பக்க விளிம்போடு ஒட்டுங்கள். மேல் பக்கத்தை வெட்டிக் கீழேயும் இதே மாதிரி. பலர் தவறுவது இங்கேதான்: துண்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டால் மேடும் பள்ளமும் உயரம் மாறி முட்டிக்கொள்ளும். கண், செதில் எல்லாம் கடைசியில்.