சில்வர் ஸ்விஃப்ட்டுக்கு எந்த பம்பர்: பெயின்ட் அடித்ததா, அடிக்காததா?

கேள்வி: என்னுடையது 2018 ஸ்விஃப்ட், சில்வர் கலர். முன் பம்பர் உடைந்துவிட்டது. ஒரு கடையில் வெளி கம்பெனி (கார் கம்பெனியுடையது அல்லாத) பம்பரை என் கலரிலேயே பெயின்ட் அடித்து 4,500 ரூபாய்க்குத் தருகிறார்கள். பெயின்ட் அடிக்காததன் விலை 2,200. அதற்குப் பெயின்ட் அடிக்க உள்ளூர் பெயின்டர் எல்லாம் சேர்த்துத் தனியாக 3,000 கேட்கிறார். எதை வாங்கலாம்? (வாசகர், திருப்பூர்)

பதில்: 700 ரூபாய் கூடினாலும் பெயின்ட் அடிக்காததையே வாங்குங்கள். உங்கள் கலர் சில்வர் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வெளி கம்பெனி பம்பர் உங்கள் வண்டியில் சரியாக உட்காருமா என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருடம் எங்கள் ஷெட்டுக்கு ஒரு சில்வர் கார் வந்தது. பெயின்ட் அடித்த பம்பரை வாங்கி வெளியில் மாட்டியிருந்தார்கள். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே விரல் நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி. ஃபெண்டரோடு (முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகரம்) சேரும் மூலையில் லாக் விழவில்லை என்று அரம் வைத்துத் தேய்த்திருந்தார்கள். அந்த விளிம்பில் பெயின்ட் வெடித்துக் கருப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. நேராக நின்று பார்த்தால் கலர் சரியாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் வந்து குனிந்து பார்த்தால் பம்பர் மட்டும் ஒரு படி இருட்டு. பெயின்ட் அடித்த பொருள், திருப்பி எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். கடைசியில் அதே பம்பருக்கு இரண்டாவது முறை பெயின்ட் செலவு.

பெயின்ட் அடிக்காததாக இருந்தால், மாட்டிப் பார்த்து, லாக், கிளிப், ஃபாக் லேம்ப் ஓட்டை எல்லாவற்றையும் சரிசெய்து, கழற்றி, அப்புறம் பெயின்ட் அடிக்கலாம். உட்காரவே இல்லையென்றால் திருப்பியும் கொடுக்கலாம். வாங்கும்போதே இதைக் கடைக்காரரிடம் பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி கலர். சில்வரில் பொடிப்பொடியான அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. அவை படுத்திருக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் வெளிச்சம் திரும்பும். ஸ்ப்ரே கன்னில் காற்று கூடினாலோ, ஈரமாக அடித்தாலோ, ஒரே டப்பா பெயின்ட்டே வேறு கலராகத் தெரியும். கலர் கோடு (கார் கம்பெனி அந்தக் கலருக்குக் கொடுத்த குறியீடு) ஒன்றாக இருந்தால் போதாது. அந்தக் குறியீடு காட்டுவது கார் புதிதாக இருந்தபோதைய கலர். இத்தனை வருட வெயில் அதில் கிடையாது. அதனால் குறியீட்டை மட்டும் வைத்து முன்கூட்டியே அடித்து வைத்த பம்பர் பொருந்தினால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

நல்ல பெயின்டர் உங்கள் வண்டியின் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிப் பெயின்ட் மிக்ஸிங் கடைக்குக் கொண்டுபோவார். பாலிஷ் போட்டுத் துடைத்த அந்த மூடியின் பக்கத்தில், சின்ன அட்டையில் அடித்துக் காயவைத்து, வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். உங்கள் பெயின்டர் இதைச் செய்வாரா என்று கேளுங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: பிளாஸ்டிக் பிரைமர், அதாவது பெயின்ட் ஒட்டுவதற்கான அடிப்பூச்சு, அடிப்பாரா? பம்பர் பாலிப்ரோப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். அதில் பெயின்ட் தானாக ஒட்டாது. அச்சிலிருந்து எடுக்கும்போது படிந்த எண்ணெய்ப்பசையைச் சோப்பு போட்டுக் கழுவி, லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்த பிறகுதான் கலரும், அதன் மேல் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டும். இதைத் தவிர்த்தால் சில மாதங்களில் வாட்டர் வாஷின்போது பெயின்ட் தோல் உரிவதுபோல உரியும்.

அடித்ததை வாங்கவே கூடாது என்றில்லை. ஆல்டோ, ஈகோ மாதிரி வண்டிகளின் சாலிட் வெள்ளையில் துகள் இல்லாததால் ஆபத்து குறைவு. சீக்கிரம் விற்கப்போகிற பழைய வண்டிக்கும் சரிதான். அப்படி வாங்கினால் கடையிலேயே, கண்ணுக்குத் தெரியாத உள்விளிம்பில், தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கலர் இறங்கினால் அது இறுகவைக்கும் ஹார்டனர் கலக்காத பெயின்ட். வேண்டாம்.

ஃபெண்டர், பானெட் போன்ற தகரப் பாகங்களுக்கும் இதே சோதனை உதவும். புதிதாக வரும் தகரத்தின் மேல் இருக்கும் கருப்புப் பூச்சு தின்னரில் கரைந்தால், அது வழியில் துரு பிடிக்காமல் இருக்கப் பூசியது மட்டுமே. அதை முழுக்க எடுத்துவிட்டு பிரைமரிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் போகலாமா என்றும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் வசதி) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். பெயின்ட் பொருளின் விலைக்கும் 50 சதவீதம். 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். க்ளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். உங்கள் 5,200 ரூபாய் வேலைக்கு, கையிலிருந்து கொடுப்பதே லாபம் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்து வண்டியை எடுக்க மாலையில் போகாதீர்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எந்தச் சில்வரும் பொருந்தும். காலை வெயிலில் வெளியே நிறுத்தச் சொல்லி, பம்பரும் ஃபெண்டரும் சேரும் இடத்தை நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மெழுகுப் பாலிஷ் போட வேண்டாம்.