கட்டாயப்படுத்தினால்தான் திருந்துவார்களா?

கேள்வி: எமர்ஜென்சி காலத்துக் குடும்பக் கட்டுப்பாட்டைக் கொடுமை என்கிறீர்கள். ஹெல்மெட்டையும் அபராதம் போட்டுத்தானே மாட்ட வைத்தோம்? நாட்டு நன்மைக்காகக் கட்டாயப்படுத்தினால் என்ன தப்பு? இவர்கள் சொன்னால் கேட்கிற ஆட்களா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: ஹெல்மெட்டை வீட்டுக்கு வந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். அபராதம் அநியாயம் என்று பட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். 1976-இல் நடந்தது அதுவா? ஹரியானாவில் உட்டாவர் என்று ஒரு கிராமம். அந்த நவம்பரில் ஒரு நாள் போலீஸ் ஊரைச் சுற்றி வளைத்து, ஆண்களெல்லாம் மெயின் ரோட்டுக்கு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோய் கருத்தடை ஆபரேஷன் செய்து அனுப்பியது. அவர்கள் எந்தக் கோர்ட்டுக்குப் போவது? போய்த்தான் வெட்டியதை ஒட்டவைக்க முடியுமா?

உத்தரப் பிரதேசத்தில் வாத்தியார்களுக்குக் கோட்டா. ஆபரேஷனுக்கு இத்தனை 'கேஸ்' பிடித்துத் தராவிட்டால் சம்பளம் கிடையாது. நேற்று வரை பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் தெருமுனையில் தலைகாட்டினால் அப்பன் கொல்லைப்புறமாக ஓடுகிறான் என்றால், அதற்கப்புறம் அந்த ஊரில் அவர் எந்த நல்லதைச் சொல்லி யார் கேட்பார்கள்? எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பிறகு விசாரித்த ஷா கமிஷன் கணக்கில் இந்த ஆபரேஷன்களை ஒட்டி 1,774 சாவுகள். கல்யாணமே ஆகாதவர்களுக்கும் வெட்டியதாக 548 புகார்கள். நீங்கள் சொல்லும் 'இவர்கள்' இவர்கள்தான் சார்: பிளாட்பாரத்தில் படுத்தவர், கூலிக்காரர், கேட்க நாதியில்லாதவர். உத்தரவு போட்டவர்கள் வீட்டு வாசலில் எந்த ஜீப்பும் நிற்கவில்லை.

சரி, பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையாவது குறைந்ததே என்பீர்கள். 1976-77இல் 80 லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன், மறு வருடமே 10 லட்சத்துக்கும் கீழே. 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளில் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. 'குடும்பக் கட்டுப்பாடு' என்ற பெயரையே சொல்லக் கூசி, அரசாங்கம் அதைக் 'குடும்ப நலம்' என்று மாற்றியது.

போலீஸ் ஊரை வளைக்காமலேயே தமிழ்நாட்டில் 1990-களின் முடிவுக்குள் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டோம். பெண் பிள்ளைகள் படித்தார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது, கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போனார். இங்கேயும் எல்லாம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். இத்தனை ஆபரேஷன் முடிக்க வேண்டும் என்ற இலக்கு முறையை 1996-இல் நாடு முழுக்க எடுக்கும் வரை, நம்ம ஊர் நர்சுகளும் மாதக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது, பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் அப்படியே ஆபரேஷனையும் முடித்துக்கொள் என்று சொல்லும் குரலில் அந்த நெருக்கடி இருந்தது. அதுவும் தப்புதான்.

எமர்ஜென்சியில் வெட்டுப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தப் பயத்தில் ஆண்கள் இந்தப் பக்கமே வருவதை நிறுத்தினார்கள். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் அந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட மனைவிமார் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 38 பேர், கணவன்மார் நூற்றுக்கு அரை ஆள்கூட இல்லை. ஆணுக்கு அது சில நிமிட வேலை, அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். இருந்தும், பிள்ளை பெற்ற வயிற்றை இன்னொரு தடவை கிழிக்கக் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பெண்தான்.